மடித்தவர் குதிக்க வேண்டும்

ஜனவரி 11

அக்கா,

பேச மாட்டேன் என்றுதானே சொன்னாய், படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால் எழுதுகிறேன்.

பத்திரமாக முகாமுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்று நீ, "போறதுன்னா போ, இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை" என்றபோது, அத்தான் என் பையைப் பிடித்துக்கொண்டு உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாரே, அதை நினைத்துப் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். ஊரில் உள்ள லிஃப்ட்டை எல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனிதர், அன்றைக்கு இரண்டு மாடிக்கு நடுவில் அவரே மாட்டிக்கொண்டார்.

அறை பரவாயில்லை. இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் யாரோ அடித்துவிட்டுப் போன ஆணி. மெத்தைக்கு அடியில் போடப் பலகை வேண்டும் என்று கேட்டேன். ஸ்டோர்காரர் ஒரு பழைய கதவையே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது, ஆனால் முதுகுக்குச் சுகமாக இருக்கிறது. பயிற்சி முடியும்வரை கையில் போன் கிடையாது. அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய வரிசை. அதுவும் நல்லதற்குத்தான். போனில் நான் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நீ பேசினால் நான் வைத்துவிடுவேன்.

"துணி மடிக்கிற வேலைதானே உனக்கு, நீ எதுக்குக் குதிக்கணும்?" என்று பல தடவை கேட்டாய். ஒரு தடவைகூடப் பதிலை முழுதாகக் கேட்கவில்லை. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் இப்போது சொல்கிறேன். நீண்ட மேசையில் பாராசூட்டை விரித்து, ஒவ்வொரு மடிப்பையும் நீவி, நகராமல் இருக்க மணல் பைகளை வைத்து, கயிறுகளைச் சிக்கில்லாமல் அடுக்கி, கடைசியில் முழங்காலால் அழுத்திப் பையை மூடுகிறோம். மூடியவர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. மடித்தவர் குதிக்க வேண்டும். எந்த நாளும் அதிகாரி வந்து, நீ மடித்ததில் ஏதாவது ஒன்றை அலமாரியிலிருந்து உருவி, "மாட்டிக்கிட்டு விமானத்துல ஏறு" என்று சொல்லலாம். ஏற முடியாதவர் மடிக்கக் கூடாது. அடுத்தவர் உயிரை மடித்துக் கட்டுகிறோம், அதற்கு நம் உயிர் ஜாமீன்.

அப்படி ஏறிக் குதித்தபோதுதான் போன வருடம் தப்பாக விழுந்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உன் வீட்டில் நடந்தது, உனக்கே தெரியும். முதுகில் இரண்டு எலும்பை ஒன்றாக்கி, கம்பி வைத்து, திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். எலும்பு ஒட்டிவிட்டது என்று உன் எதிரில்தான் டாக்டர் சொன்னார். மார்ச் கடைசியில் மருத்துவக் குழு உட்காருகிறது. அதற்குள் ஒரு தடவை குதித்துக் காட்டினால் என் மேசை எனக்கு. இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் வேறு வழி கிடையாது.

நீ பிடித்துத் தைத்துக் கொடுத்த பயிற்சிச் சட்டை கச்சிதமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இளைத்த உடம்புக்கு அது சாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே நல்ல குளிர், மைதானத்தில் எப்போதும் அதுதான்.

கோபம் போனால் எழுது. போகாவிட்டாலும் எழுது.

உன் தங்கை


ஜனவரி 19

அடி வாலு,

பேச மாட்டேன் என்று சொன்னதில் மாற்றம் இல்லை. இது பேச்சில்லை, எழுத்து.

கதவைப் போட்டுப் படுக்கிறாயா? இங்கே பஞ்சு மெத்தை, பக்கத்தில் கைப்பிடி, படுத்துக்கொண்டே போட்டு அணைக்கிற மாதிரி விளக்கு. அத்தான் உன் நாற்காலிக்கு நாலு காலிலும் மரக்கட்டை வைத்து உயரமாக்கிக் கொடுத்தார், நீ குனியாமல் உட்கார வேண்டும் என்று. அந்த நாற்காலி இப்போதும் ஜன்னலோரம் கொக்கு மாதிரி நிற்கிறது. யார் உட்கார்ந்தாலும் கால் தரையில் படுவதில்லை. இருந்தாலும் எடுக்க மனசு வரவில்லை.

விதியாம் விதி. உன் காலுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டது யார்? கட்டிலில் திரும்பிப் படுக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நீ கிடந்தபோது, மரக்கட்டையை உருட்டுவது போலத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து உருட்டியது யார்? முதல் தடவை நீ தனியாக எழுந்து சமையலறை வரைக்கும் வந்து நின்றாயே, அன்றைக்கு நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி ஆகாயத்திலிருந்து போடுகிறேன் என்கிறாய். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். உன்னை வாலு என்று கூப்பிட ஆரம்பித்தது என் தப்பு.

அத்தானிடம் கேட்டேன், "மேலேருந்து கீழே வர்றதைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்க சொல்லுங்க" என்று. அவர் யோசித்துவிட்டு, "கயிறு நல்லா இருந்தா பயமில்ல" என்றார். இவரிடம் போய்க் கேட்டேனே.

கடையில் வேலை குவிந்திருக்கிறது. நாடகக் குழு ஒன்று ராஜா வேஷம் தொடங்கிக் காவல்காரன் வேஷம் வரை உடை தைக்க என்னிடமே கொடுத்திருக்கிறது. ராஜாவாக நடிப்பவர் கூன் போட்டுக்கொண்டுதான் நடப்பார். அவரை நிமிர்த்துவது தையல்காரி பொறுப்பாம்.

நான் பயப்படுகிறேன், அவ்வளவுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நீ விழுந்த அன்று ஆஸ்பத்திரியில், "காலை அசைங்க" என்று டாக்டர் சொல்ல, நீ அசைக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சட்டையைக் கழற்றாதே. வெளியே போகும்போதெல்லாம் போட்டுக்கொள். குளிர் முதுகுக்கு ஆகாது.

அக்கா


பிப்ரவரி 5

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் பதில் எழுத முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அழுதாய் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லையே. அன்றைக்கு என்னைப் பார்த்து, "அங்கேயே நிக்காதே, வழியை விடு" என்றல்லவா திட்டினாய்.

இங்கே நிலைமை சரியில்லை. உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

எங்கள் பயிற்சியாளருக்கு மெதுவா சார் என்று பெயர். எல்லாவற்றுக்கும் "மெதுவா, மெதுவா" என்பார். நடப்பதும் மெதுவாகத்தான். முதல் வாரம் நடை, பிறகு ஓட்டம், அதெல்லாம் நன்றாகவே போயிற்று. இப்போது விழப் பழக்குகிறார். மேடையிலிருந்து மணலில் குதிக்க வேண்டும். பாதம் தரையைத் தொட்டதும் முழங்கால், தொடை, இடுப்பு, தோள் என்று உடம்பைச் சுருட்டி உருள வேண்டும். ஒரே இடத்தில் அடி விழாமல் உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்வதுதான் இதில் வித்தை.

நான் சுருளவில்லை. பலகை சாய்ந்தது போல அப்படியே விழுகிறேன். நடு முதுகில் ஏதோ ஒன்று, "வேண்டாம்" என்று பிடித்து இழுக்கிறது. வலி இல்லை. தழும்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு எனக்கு உணர்ச்சியே கிடையாது என்பது உனக்குத் தெரியும், அதனால் என்ன பிடிக்கிறது என்றும் சொல்லத் தெரியவில்லை. "என்னம்மா, கட்டில் விழுற மாதிரி விழுறே" என்றார் மெதுவா சார். அவர் அதற்குமேல் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் அறையில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் குனியச் சொன்னார், குனிந்தேன். சுருண்டு படுக்கச் சொன்னார், பூனை மாதிரிச் சுருண்டேன். படம் எடுத்துப் பார்த்தார். கம்பி, திருகாணி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. மறுநாள் மைதானத்தில் மறுபடி பலகை.

டாக்டரம்மா நல்லவர்தான். கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார். "இங்கே வளையுது, அங்கே வளையலன்னா, பிடிச்சு வெச்சிருக்கிறது முதுகு இல்லம்மா, பயம்."

"எனக்குப் பயமில்ல டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அக்கா, எனக்குப் பயம் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

உன் தங்கை


பிப்ரவரி 12

வாலு,

கடிதம் கிடைத்தது. வளையாவிட்டால் வளைய வேண்டாம். உடம்பு ஒன்று சொன்னால் கேட்க வேண்டும். பயம் என்றால்தான் என்ன, பயமே இல்லாமல் நீ குதித்தபோதுதான் முதுகு உடைந்தது. வீட்டுக்கு வா. கடையில் உனக்கு இடம் இருக்கிறது. உன்னை மாதிரி மடிப்பு வைக்க இங்கே ஆள் கிடையாது.

அந்தச் சட்டை விஷயமாக ஒன்று எழுத நினைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு சொல்கிறேன்.

ராஜாவின் அளவு எடுக்கப் போக வேண்டும். அவசரமாக எழுதுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் திட்டாமல் விட்டாய் என்று தெரிகிறது. அது திட்டைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

விலகல் கடிதம் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். மெதுவா சார் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்கிறார். ஆனால் தினமும் மேடையில் ஏறுவதும், மனசுக்குள் "சுருளு, சுருளு" என்று சொல்லிக்கொண்டே குதிப்பதும், பலகையாக விழுவதும், மற்றவர்கள் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இனி முடியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, முதுகைச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். நானே அப்படித்தான் நினைக்கிறேன்.

நேற்று மடிக்கும் கூடத்தின் பக்கம் போனேன். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் மேசையில் ஒரு புதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மூலையில் மடிப்பு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் கவனித்து, எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். நல்ல பெண். அவளுக்குக் குதிக்கப் பயம் இருக்காது.

முதுகு போயிருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன் அக்கா. முதுகு உடைந்தவள் என்று சொல்லிக்கொண்டு தலை நிமிர்ந்து வரலாம். கோழை என்று தெரிந்துகொண்டு எப்படி வருவது?

நாற்காலியை எடுத்துவிடாதே. அடுத்த வாரம் வந்துவிடுவேன்.

உன் தங்கை


பிப்ரவரி 24, சனிக்கிழமை

வாலு,

இதைக் கொண்டுவருகிறவர் உன் அத்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறச் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த விலகல் கடிதத்தை யாரிடமும் கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் போய்ப் பிடுங்கு.

முகாமுக்குப் போனும் போட்டேன். உங்கள் அலுவலகத்தில் ஒரு ஆள் எடுத்தார். "என்ன செய்தி சொல்லணும்?" என்று கேட்டார். என் தங்கச்சி சட்டையின் முதுகைக் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று முகம் தெரியாத ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வேன்? வைத்துவிட்டேன்.

இப்போது சட்டையைக் கழற்று. உள்புறத் துணியை முதுகின் நடுவில் தடவிப் பார். இரண்டு பக்கமும் நீளமாகக் கெட்டியாக ஏதாவது தட்டுப்படும். அது எஃகுப் பட்டை. நாடக ராஜாக்கள் கூன் போடாமல் நிற்க உடைக்குள் வைத்துத் தைப்போமே, அது. இளைத்த உடம்புக்குச் சட்டையைப் பிடித்துத் தைத்தேன் அல்லவா, அப்போது உள்ளே வைத்தேன். இரண்டு பட்டை. நீ வேகமாகக் குனியக் கூடாது, பாரத்தைத் தூக்கக் கூடாது என்றுதான் வைத்தேன். உனக்குத் தழும்புப் பக்கம் உணர்ச்சி இல்லை, தெரியாது என்று நம்பினேன். நீ விழப் பழகுவாய், அதற்குச் சுருள வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

இது பாதி உண்மை. முழுதும் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் வளையவில்லை என்று நீ எழுதினாயே, அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் சொல்ல உட்கார்ந்தேன், கை வரவில்லை. சொல்லாமல் இருந்தால் நீ வந்துவிடுவாய். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தேன்.

இன்றைக்கு உன் கடிதத்தைப் பிரித்தேன். அடுத்த வாரம் வருகிறேன் என்ற வரியைப் படித்ததும் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொன்னால் பொய். எழுந்துபோய் உன் நாற்காலியைத் துடைத்துக்கூட வைத்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தபோது கோழை என்ற சொல்லைத் தாண்டி என் கண் நகரவில்லை. நீயா கோழை? ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டே ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கடைசியில் கால் கட்டைவிரலை அசைத்தவளா? அப்படி ஒரு நினைப்போடு உன்னைக் காலம் முழுக்க அந்த நாற்காலியில் உட்காரவைத்து, நான் பக்கத்தில் நின்று துணி தைத்துக்கொண்டிருப்பேனா?

டாக்டரம்மா சொன்னது பாதி சரி. உன்னைப் பிடித்து வைத்திருந்தது பயம்தான். ஆனால் அது உன்னுடையதில்லை, என்னுடையது. இந்தத் தடவை கூடம் நிஜமாகவே கோணல்.

தையல் பிரிக்கும் கத்தியை அத்தானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தையல் கெட்டியாக இருக்கும். அவசரத்தில் துணியைக் கிழித்துவிடாதே.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு உன்னைத் திட்டுகிறேன்.

ஞாயிறு மதியம் வாசல் காவலர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க வீட்டு ஆள் ஒருத்தர் வந்திருக்கார், பையில கத்தி இருக்கு, என்ன விஷயம்னு கேட்டா 'சட்டை'ங்கிறார், அதுக்கு மேல பேச மாட்டேங்கிறார்" என்றார். காவலர் அறையில் அத்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தை நீட்டினார். நான் படித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே, காவலர் மேசையில் சட்டையை விரித்துப் பிரித்தோம். நீ தைத்த தையல் இருக்கிறதே, பாராசூட்டுக்குக்கூட நாங்கள் அப்படிப் போடுவதில்லை. அத்தான் ஒரு பட்டையை உருவினார், இன்னொன்றை உருவினார். அப்புறமும் கெட்டியாக இருந்தது. இரண்டு என்று எழுதியிருந்தாய் அக்கா. நாலு இருந்தது. மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொல்ல உட்கார்ந்தவள் அதிலும் பாதிதானா?

காவலர் நாலு பட்டையையும் வாங்கி, வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா எந்தப் படைப்பிரிவு?" என்று கேட்டார்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது. ஒரு மாதம் நான் என்னையே வெறுத்தேன். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவர் என் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அது தெரிந்தும் சும்மா இருந்தாய். இந்தக் கோபம் எனக்குச் சீக்கிரம் போகாது, சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் விலகுவதற்கு முன்பே அத்தானை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதும் நீதான். அதுவும் எனக்குத் தெரியும்.

இன்று காலை மேடையில் ஏறினேன். மெதுவா சார், "கடைசியா ஒரு தடவையா?" என்று கேட்டார். குதித்தேன். முழங்கால், தொடை, இடுப்பு, தோள், உருண்டு மறுபக்கம் எழுந்து நின்றேன். மணலைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். "மறுபடி" என்றார். மறுபடி உருண்டேன். அப்புறம் யாரும் சொல்லாமலே நானே ஏறி ஏறிக் குதித்தேன், அவர் "மெதுவா, மெதுவா" என்று கத்தும்வரை.

டாக்டரம்மாவிடம் பட்டைகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாக வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "உங்களைப் பயந்தவங்கன்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க" என்றார். விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

இப்போது உன் தண்டனை. எங்கள் விதி உனக்குத் தெரியும். மடித்தவர் குதிக்க வேண்டும் என்றால், தைத்தவர் போட்டுப் பார்க்க வேண்டும். நேற்று இரவு அத்தான் இங்கேயே தங்கிவிட்டார், நாலு பட்டையையும் இந்தக் கடிதத்தோடு அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உன் சட்டையில் வைத்துத் தைத்து, கடையில் ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு வேலை செய். அத்தான் சாட்சி.

உன் தங்கை


மார்ச் 6

வாலு,

செய்தேன். நாலையும் வைத்துத்தான் தைத்தேன். அத்தான் எண்ணிப் பார்த்தார்.

கடையைத் திறந்ததும் ஊசி கீழே விழுந்தது. குனிந்தேன், குனிய முடியவில்லை. அத்தான் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "எடுத்துக் குடுங்களேன்" என்றால், "விதின்னா விதிதானே" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை, அன்றைக்குத்தான் வாய் திறக்கத் தோன்றியதாம். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து, மேசையைப் பிடித்து, ஒரு காலை நீட்டி எடுத்தேன். அதற்குள் கடைக்கு வந்த ராஜா என்னைப் பார்த்துவிட்டு, "இந்த வேஷம் எந்த நாடகத்துக்கு?" என்று கேட்டார்.

மதியம் வரைக்கும் உன்மேல் கோபமாக இருந்தது. அதற்குப் பிறகு கோபம் போய், பயமாகிவிட்டது. என் உடம்பு என் சொல் கேட்கவில்லை. நான் ஒன்று நினைக்கிறேன், அது வேறொன்று செய்கிறது. எனக்காவது ஏன் என்று தெரியும். உனக்கு அதுவும் தெரியாமல் தினமும் மேடையில் ஏறியிருக்கிறாய். சாயங்காலம் சட்டையைக் கழற்றிவிட்டு உன் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் படாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். செய்தது தப்பு. அதற்கு வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்தப் பட்டைகள் இனி ராஜாவுக்கு. அவருக்குத்தான் அது பொருத்தம்.

நீ குதி. போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு உதவி செய். எந்த நாள் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்லாதே. தெரிந்தால் அன்றைக்கு ஒரு தையலும் நேராக வராது. எல்லாம் முடிந்து, நீ உன் காலில் நின்று, உன் கையால் எழுது.

அக்கா


மார்ச் 27

அக்கா,

என் காலில் நின்றுதான் எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திட்டு இருக்கிறது, காகிதத்தை அதன்மேல் வைத்திருக்கிறேன். உட்கார்ந்தே எழுதலாம், நீ கேட்டதற்காக நிற்கிறேன்.

நேற்று குதித்தேன்.

போன வாரம் என்னை மடிக்கும் கூடத்துக்குள் விட்டார்கள். மெதுவா சார் பக்கத்தில் நிற்க, சில பாராசூட்டுகளை மடித்தேன். என் மேசையில் நின்ற அந்தப் புதுப் பெண் கேட்காமலே ஒதுங்கி இடம் கொடுத்தாள், மணல் பைகளை எடுத்துக் கொடுத்தாள். விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. பையை மூடும்போது மட்டும் முன்னைப் போல முதுகை வளைத்து அழுத்தாமல், இடுப்பிலிருந்து சாய்ந்து முழங்காலால் அழுத்தினேன். கொஞ்சம் நேரம் கூடுதலாகிறது. "மெதுவா செஞ்சா போதும்" என்றார் சார். அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிற இடத்துக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ.

நேற்றுக் காலை அலமாரியிலிருந்து ஒன்றை உருவினார். வார்களை மாட்டிவிட்டு, ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யார் மடிச்சது?"

"நான்தான் சார்."

முதுகில் தட்டிப் பார்த்தார். "சட்டை யார் தைச்சது?"

"எங்க அக்கா சார்."

"உள்ளே?"

"ஒண்ணுமில்ல சார். நான்தான் இருக்கேன்."

விமானத்தின் கதவு திறந்தபோது, அக்கா, பயந்தேன். வாய் உலர்ந்து, கைக்குள் வியர்த்து, போன தடவை விழுந்த சத்தம் காதில் கேட்டு, நன்றாகவே பயந்தேன். ஆனால் அதற்கிடையில் ஒரு நிம்மதியும் வந்தது. பயந்தால் இப்படித்தான் இருக்கும், மைதானத்தில் என்னைப் பிடித்து வைத்தது இதுவே இல்லை என்று தெரிந்தது. இது என் சொந்தப் பயம். இதை வைத்துக்கொண்டு என்னால் குதிக்க முடியும். குதித்தேன்.

தலைக்கு மேல் அது விரிந்தது. அண்ணாந்து பார்த்தால் என் மடிப்பு ஒவ்வொன்றும் அழகாகப் பிரிந்து வட்டமாக நின்றது. கீழே நிலம் வந்தது. பாதம், முழங்கால், தொடை, இடுப்பு, தோள். உருண்டேன். உருண்டு மல்லாந்து கிடந்து, எழுவதற்கு முன்னால் இரண்டு கட்டைவிரலையும் அசைத்துப் பார்த்தேன். அசைந்தன. அதற்குள் மெதுவா சார் ஓடி வந்துவிட்டார். அவர் ஓடி இந்த முகாமில் யாரும் பார்த்ததில்லை. எனக்கு அடிபட்டிருந்தால்கூட அதைப் பார்க்க எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

இன்று மருத்துவக் குழு கையெழுத்துப் போட்டுவிட்டது. கனமானதைத் தூக்கக் கூடாது, அடிக்கடி குதிக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுக்க வேண்டும். மற்றபடி மேசை என்னுடையது. வெளியே வரும்போது டாக்டரம்மா சொன்னார், "அக்காவை ஒருநாள் கூட்டிட்டு வாங்க, என் வெள்ளைக் கோட்டு தொளதொளன்னு இருக்கு, பிடிச்சுத் தைக்கணும். பட்டை வேண்டாம்."

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேரில் வந்து முடித்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் விடுப்புத் தருகிறார்கள்.

உன் தங்கை


ஏப்ரல் 2

வாலு,

தபால்காரர் கொடுத்ததும் கடை வாசலிலேயே நின்று படித்தேன். "நேற்று குதித்தேன்" வரைக்கும் படித்துவிட்டு, மேலே படிக்காமல் கடைசி வரிக்குப் போய்விட்டேன். நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நடுவில் உள்ளதைப் படித்தேன். கட்டைவிரல் அசைந்த இடத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர், "கயிறு நல்லா இருந்திருக்கு" என்றார். பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மாவின் அளவைக் கேட்டு எழுது. கூலி வேண்டாம் என்று சொல். உன்னைப் பயந்தவள் என்றதற்கு மட்டும் கழுத்துப் பட்டையை ஒரு நூல் இறுக்கமாக வைப்பேன்.

போன் கையில் கிடைத்ததும் கூப்பிடு. பேச மாட்டேன் என்று சொன்னது போதும். குறுக்கே பேசாமல் இருக்கப் பார்க்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

விடுப்புக்கு நீ வரும்போது உன் நாற்காலியைத் தேடாதே. ஜன்னலோரம்தான் இருக்கும். நேற்று அத்தானும் நானும் அதைக் கவிழ்த்துப் போட்டு நாலு கட்டையையும் கழற்றிவிட்டோம். இனி எல்லோரையும் போலக் குனிந்துதான் உட்கார வேண்டும்.

அக்கா